புதுப்பிப்பு: ஜூஸ் போட ஆரம்பிச்சாச்சு, மிக்ஸியே போதும்

காலைல காய்கறி ஜூஸ் குடிக்கலாம்னு இருக்கேன், கோல்ட் பிரஸ் ஜூஸர் (மெதுவா நசுக்கிப் பிழிஞ்சு சாறு எடுக்கற மெஷின்) வாங்கணுமா இல்ல மிக்ஸியே போதுமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட்.

மிக்ஸியே போதும்ங்க. கேரட், பாதி பீட்ரூட், கொட்டை எடுத்த நெல்லிக்காய், துண்டு இஞ்சி, கொஞ்சம் தண்ணி விட்டு நைஸா அரைச்சு வெள்ளைத் துணில போட்டு முறுக்கிப் பிழிஞ்சா கையெல்லாம் செவப்பு, ஆனா டம்ளர் நிறைய வருது. சக்கைய கொட்டிடாதீங்க, நார்ச்சத்து பெரும்பாலும் அதுலதான் நிக்குது, அம்மா அதை கோதுமை மாவோட பிசைஞ்சு சப்பாத்தி போட்டுடுறாங்க. பீட்ரூட் குடிச்சப்புறம் யூரின் பிங்க்கா போனா பயப்படாதீங்க, சிலருக்கு அப்படித்தான் போகும்.

சொரைக்காய் ஜூஸ் போடலாமான்னு கேட்ட அண்ணா, முதல்ல ஒரு துணுக்கு வெட்டி நாக்குல வச்சுப் பாருங்க, கசந்துச்சுன்னா அப்படியே தூக்கிப் போட்டுடுங்க. அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின்ங்கற நச்சு, ரத்த வாந்தி வரைக்கும் போகும், தேன் ஊத்தி சமாளிக்கிற வேலையே வேணாம்.

கிட்னில கல் வந்தவங்க பீட்ரூட், பாலக்கீரை ஜூஸ டாக்டர கேக்காம குடிக்காதீங்க, ரெண்டுலயும் கல் உருவாக்கற ஆக்சலேட்ங்கற பொருள் ஜாஸ்தி. சுகர் இருக்கவங்களுக்கு பழ ஜூஸ விட பழமே மேல், உலக சுகாதார நிறுவனமே ஜூஸ்ல இருக்க இனிப்ப குறைக்கச் சொல்ற சர்க்கரை கணக்குலதான் வைக்குது.

அடுத்து வெண்பூசணி ஜூஸ் போட்டுப் பாக்கணும். மீதிக் காய மோர்க்கொழம்புல போட்டுக்கலாம்.