மொறிஸ் மைனர் பிக்கப்: கொஞ்சத் தூரம் ஓடினதும் பிறேக் பிடிச்சுக்கொண்டு விடுதில்லை

சுன்னாகத்தான்

வணக்கம். வண்டி மொறிஸ் மைனர் பிக்கப், 1098 என்ஜின். முன்னுக்கு 8 அங்குல ட்றம் (சில்லோட சுத்துற பிறேக் உருளை), பின்னுக்கு 7. நிலத்தகடு மாத்தி, மேல தடிச்ச றபர் பாய் போட்டிருக்கு. பிறகு பிறேக் வேலை: நாலு சில்லுக்கும் புது சூ (ட்றமில உரசிப் பிடிக்கிற கட்டை), சிலிண்டருக்குப் புதுக் கப்புகள் (ஓயிலை அடைக்கிற றபர்). மாஸ்டர் சிலிண்டரை (பெடல் அமத்த ஓயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுறது) கழட்டி றிப்பெயர் கிற் போட்டுத் திரும்பப் பூட்டினது. பிறேக் ஓயில் டொட் 4. ஹோஸ் (றபர்க் குழாய்) மூண்டும் பழசு, ஆனால் வெளியில வெடிப்பு ஒண்டும் இல்லை.

குளிர்ந்து நிக்கேக்க எல்லாச் சில்லும் கையால சுத்தும். நாலைஞ்சு கிலோமீற்றர் ஓடினால் பெடல் மேல ஏறிக் கல்லு மாதிரி இறுகுது, வண்டி இழுக்க மாட்டன் எண்டு நிக்குது. நாலு ட்றமும் சூடு, முன் இடது மற்றதுகளை விடக் கூட. அரை மணித்தியாலம் விட்டால் தானா விடுது. புது மாஸ்டர் சிலிண்டர் எடுக்கச் சொல்லினம். எடுக்கவோ?

பழையசில்லு

இப்ப ஒண்டும் வாங்காதேங்கோ. அழுத்தம் எந்த இடத்தில அடைபட்டு நிக்குது எண்டு கண்டுபிடிக்காமல் சாமான் மாத்தினால் காசுதான் போகும்.

சூ இறுக்கமாப் பூட்டினதாலை இது வரேல்ல. ட்றம் சூடானால் விரியும். சூ இறுக்கம் எண்டால் குளிரிலதான் கூட உரசும். உங்களுக்கு நேர்மாறா நடக்குது. ஓயில் சூட்டில விரிஞ்சு, திரும்பி மாஸ்டரின்ர ஓயில் தொட்டிக்குப் போக வழியில்லாமல் நிக்குது எண்டதுதான் இதின்ர அர்த்தம்.

மாஸ்டர் சிலிண்டருக்குள்ள, பிஸ்டன் ஓய்வில இருக்கேக்க, மெயின் கப்பின்ர உதட்டுக்குக் கொஞ்சம் முன்னால ஒரு பொடித் துளை இருக்கு. விரிஞ்ச ஓயில் அதாலதான் தொட்டிக்குத் திரும்பும். பெடல் கடைசி மட்டும் திரும்பி வராட்டி, இல்லாட்டி பெடலுக்கும் பிஸ்டனுக்கும் இடையில இருக்கிற தள்ளுகம்பி நீளம் கூடிப்போனால், கப் அந்தத் துளையை மூடிக்கொண்டு நிக்கும். அதுக்குப் பிறகு சூடு ஏற ஏற இறுக்கம், இறுக்கம் கூடச் சூடு இன்னும் ஏறும்.

வண்டி பிடிச்சு நிக்கேக்கயே இதைச் செய்யுங்கோ. குளிர விட்டால் ஒண்டும் தெரியாது. பின் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கோ, முன்பக்கத்தை ஜக்கில தூக்கி ஸ்ராண்டில நிறுத்துங்கோ, ஜக்கை மட்டும் நம்பிக் கீழ போகாதேங்கோ.

முதல்ல பின்னுக்குப் போய்ப் பிறேக் லைற்றைப் பாருங்கோ. மைனரில பிறேக் லைற் சுவிச் பெடலில இல்லை, பைப்பில ஓயில் அழுத்தத்திலதான் வேலை செய்யுது. கால் எடுத்த பிறகும் லைற் அணையாமல் எரிஞ்சால், மாஸ்டர் பக்கமே அழுத்தம் நிக்குது. அணைஞ்சிருந்தும் சில்லு பிடிச்சிருந்தால் தடை அந்தச் சில்லுக்குப் போற ஹோஸில, இல்லாட்டி அந்தச் சில்லிலயே.

பிறகு மாஸ்டரில இருந்து புறப்படுற பைப் நட்டைக் கால் சுற்று தளத்துங்கோ. கீழ துணி வையுங்கோ, ஓயில் பட்டால் பெயின்ற் உரியும், கண்ணுக்கும் ஆகாது. உள்ளுக்கு இருக்கிற செக் வால்வ் எப்பவும் பைப்பில சின்ன அழுத்தம் ஒண்டை வைச்சிருக்கும், அதாலை கொஞ்சம் பீச்சினால் அது வழமைதான். பீச்சினதைப் பாத்துத் தீர்ப்புச் சொல்லாமல், சில்லைச் சுத்திப் பாருங்கோ. விட்டால் பிழை மாஸ்டரில அல்லது பெடலில. விடாத சில்லு இருந்தால் அதின்ர பிளீட் நிப்பிளை (சில்லுச் சிலிண்டரில காத்து எடுக்கிற திருகு) திறவுங்கோ. அப்ப விட்டால் ஹோஸ். அப்பவும் விடாட்டி சூ, ஸ்பிறிங், சிலிண்டர்.

கொடிகாமம்

மேல சொன்னது சரி. அதோட ஓயிலையும் பாக்கவேணும். தொட்டியில இருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணிக்குள்ள விட்டுக் கலக்குங்கோ. உண்மையான பிறேக் ஓயில் தண்ணியோட கலந்துபோகும். மேல எண்ணெயாப் படர்ந்து மிதந்தால் ஆரோ என்ஜின் ஓயிலோ ஸ்டியறிங் ஓயிலோ விட்டிருக்கினம். அப்பிடி எண்டால் கப்புகள் ஊதியிருக்கும், மாஸ்டரிலயும் சில்லுகளிலயும் உள்ள றபர் எல்லாத்தையும், ஹோஸ் மூண்டையும் மாத்தி, பைப்புகளையும் கழுவவேணும். பாதி மாத்தினால் மிச்ச எண்ணெய் புதுக் கப்பையும் கெடுக்கும்.

தொட்டி மூடி நிலத்தகட்டுக்குக் கீழ. திறக்க முதல் சுத்திவர மண்ணைத் துடையுங்கோ, ஒரு மணல் விழுந்தாலே அந்தப் பொடித் துளைக்குப் போதும். மூடியில இருக்கிற மூச்சுத் துளையும் திறந்திருக்கவேணும்.

சுன்னாகத்தான்

செய்து பாத்தாச்சு.

பிறேக் லைற் எரிஞ்சுகொண்டே நிண்டது. மாஸ்டர் பைப் நட்டைத் தளத்தினதும் லைற் அணைஞ்சு மூண்டு சில்லு விட்டுது. முன் இடது மட்டும் விடேல்ல. அதின்ர நிப்பிளைத் திறந்ததும் ஓயில் பீச்சி, அதுவும் விட்டுது. தண்ணிச் சோதனையில ஓயில் நல்லாக் கலந்தது. பெடலைக் கையால அமத்தினால் ஆட்டமே இல்லை, உடன தள்ளுகம்பி பிஸ்டனைத் தள்ளுது.

பழையசில்லு

அப்ப உங்களுக்கு ரெண்டு பிழை ஒண்டா இருக்கு. நாலு சில்லும் பிடிக்கிறது மாஸ்டர் துளை மூடினதாலை. முன் இடது கூடச் சூடாகிறது ஹோஸாலை. பழைய ஹோஸ் வெளியில வடிவா இருக்கும், உள்ளுக்குள்ள றபர் ஊதி வழி ஒடுங்கிப்போகும். கால் அமத்துற பலத்துக்கு ஓயில் போகும், திரும்புற ஸ்பிறிங் பலத்துக்கு வராது. மூண்டும் ஒரே வயசு எண்டபடியால் மூண்டையும் மாத்துங்கோ.

மாஸ்டருக்கு முதல் வேலை பெடல். றபர் பாயைத் தூக்கிப்போட்டுப் பாருங்கோ. பெடல் தண்டு நிலத்தகட்டுத் துளையில உரசுதோ, பாய் பெடலைக் கீழ பிடிச்சு வைச்சிருக்குதோ, திருப்பு ஸ்பிறிங் இருக்குதோ எண்டு பாத்து, பெடல் புஷ்ஷுக்குக் கிறீஸ் அடியுங்கோ. அதுக்குப் பிறகுதான் தள்ளுகம்பி. லொக் நட்டைத் தளத்தி, கம்பி நீளத்தைக் குறைச்சு, பெடல் மிதியில சுமார் அரை அங்குலம், 13 மில்லிமீற்றர், வெறும் ஆட்டம் வைக்கவேணும். காலால தெரியாது, கையால அமத்துங்கோ. லொக் நட்டை இறுக்கின பிறகு திரும்ப ஒருக்கால் பாருங்கோ, இறுக்கேக்க கம்பி திரும்பி அளவு மாறும்.

துளை திறந்திருக்குதோ எண்டு பாக்க, தொட்டி மூடியைக் கழட்டி ஓயிலுக்குள்ள டோர்ச் அடிச்சுக்கொண்டு இன்னொராளைப் பெடலை மெல்லமா அமத்தச் சொல்லுங்கோ. முதல் அசைவிலயே ஓயிலின்ர மேற்பரப்பு ஒருக்கால் கொப்பளிக்கவேணும். முகத்தை நேர மேல வைக்காதேங்கோ. கொப்பளிக்காட்டி துளை இன்னும் மூடித்தான் இருக்கு.

கொடிகாமம்

அப்பிடிக் கொப்பளிக்காட்டி மட்டும் மாஸ்டரைக் கழட்டுங்கோ. பிஸ்டனுக்கும் மெயின் கப்புக்கும் இடையில மெல்லிய வளைஞ்ச வாஷர் ஒண்டு வரும். கிற் போடேக்க பலர் அதைப் பழைய கப்போட சேர்த்து எறிஞ்சுபோடுவினம். அதின்ர வளைஞ்ச விளிம்பு கப்பைப் பாத்து இருக்கவேணும். அது இல்லாட்டி பிஸ்டன் தலையில இருக்கிற துளைகளுக்குள்ள கப் இழுபட்டுக் கிழியும். பொடித் துளையைக் குத்த ஊசியோ துளையாணியோ வேண்டாம். மெல்லிய செப்புக் கம்பி இழை ஒண்டு விட்டு, காத்தடிச்சால் போதும்.

மைனர்பைத்தியம்

இடையில ஒரு கேள்வி. மாஸ்டரைப் பிடிக்கிற ரெண்டு நீள போல்ட்டும் ரோர்ஷன் பார் (முன் சில்லுக்கு ஸ்பிறிங்கா வேலை செய்யுற முறுக்குக் கம்பி) தடுத்து வெளிய வராதே. எப்பிடிக் கழட்டினனீங்கள்?

கொடிகாமம்

பாரின்ர பாரத்தை முதல்ல எடுக்கவேணும். முன் சில்லைத் தாங்குற கீழ் ஆமுக்கு அடியில ஜக் வைச்சுத் தாங்காமல் ஒரு நட்டையும் தொடக்கூடாது, முறுக்கிக்கொண்டு நிக்கிற பார் அது. ரெண்டு முனையிலயும் பல்லும் துளையும் பொருந்துற இடத்தில சென்ரர் பஞ்சால அடையாளம் வைச்சிட்டு நகத்துங்கோ. ஒரு பல்லு மாறினாலும் வண்டி ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கும். இடது பாரையும் வலது பாரையும் மாத்திப் போடவும் கூடாது. திரும்பப் பூட்டேக்க போல்ட்டை மற்றப் பக்கத்தால விடுங்கோ, நட் பார் இருக்கிற பக்கம் வரட்டும். அடுத்த முறை பாரைத் தொடாமலே மாஸ்டர் வெளிய வரும்.

சுன்னாகத்தான்

பாய்தான் பெடலைப் பிடிச்சு வைச்சிருந்தது. அந்த இடத்தை வெட்டி, கம்பியையும் குறைச்சு, அரை அங்குலம் ஆட்டம் வைச்சாச்சு. மெல்ல அமத்தேக்க ஓயில் கொப்பளிக்குது. அப்ப மாஸ்டர் கழட்டத் தேவையில்லைத்தானே? ஹோஸ் மூண்டும் வாங்கியாச்சு. பூட்டேக்க கவனிக்க ஏதும் இருக்கோ?

பழையசில்லு

தேவையில்லை, மாஸ்டரை விடுங்கோ.

ஹோஸை முறுக்கிக் கழட்டாதேங்கோ. முதல்ல சேசிப் பக்கத்து இரும்புப் பைப் நட், பிறகு ஹோஸின்ர அறுகோணத்தை ஒரு ஸ்பனரால பிடிச்சுக்கொண்டு லொக் நட், கடைசியாத்தான் சில்லுச் சிலிண்டரில இருந்து ஹோஸ். பூட்டேக்க இதுக்கு நேர்மாறு: சிலிண்டர் பக்கம் புதுச் செப்பு வாஷரோட முதல் இறுக்கி, மற்றப் பக்கத்தைப் பிறகு. பூட்டின பிறகு ஸ்டியறிங்கை ரெண்டு பக்கமும் முழுசா வெட்டிப் பாருங்கோ, ஹோஸ் ரயரிலயோ ஆமிலயோ உரசக்கூடாது.

எயார் எடுக்கிறது (பைப்பில புகுந்த காத்தை நிப்பிளால வெளிய விடுறது) பின் இடதில தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது. தொட்டி சின்னன், அடிக்கடி பாத்து விடாட்டி திரும்பவும் காத்து இழுக்கும். கழுத்து விளிம்புக்கு அரை அங்குலம் கீழ நிக்கட்டும். வெளிய வந்த ஓயிலைத் திரும்ப விடாதேங்கோ.

சூ சரிப்படுத்துறது எயார் எடுக்க முதல். முன் சில்லொண்டுக்கு ரெண்டு அஜஸ்டர் (சூவைக் கிட்டக் கொண்டுவாற திருகு), பின்னுக்கு ஒண்டு. ட்றம் துளையால ஸ்குறூ டிறைவர் விட்டு, சில்லு பூட்டுமட்டும் இறுக்கி, ஒரு சொடுக்கு பின்னுக்கு. பின்னுக்குச் செய்யேக்க ஹாண்ட் பிறேக் முழுசா விட்டிருக்கவேணும். பின் சிலிண்டர் பிறேக் தட்டின்ர துளைக்குள்ள வழுக்கி ஓடவேணும், துரு பிடிச்சு நிண்டால் ஒரு சூ மட்டும் உரசும்.

முடிஞ்சதும் நாலைஞ்சு கிலோமீற்றர் ஓடிப்போட்டு, பிறேக் அடிக்காமல் உருட்டி நிப்பாட்டி நாலு ட்றமுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கோ. லைற் அணைஞ்சிருக்குதோ எண்டும் பாருங்கோ.

சுன்னாகத்தான்

ஓடிப் பாத்தாச்சு. லைற் அணையுது, சூட்டிலயும் அரை அங்குல ஆட்டம் அப்பிடியே இருக்கு. முன் இடது இப்ப மற்றதுகளோட ஒரே சூடு. பின் வலது மட்டும் கொஞ்சம் உரசுது, நிப்பிளைத் திறந்தும் விடேல்ல. ட்றமைக் கழட்டி அந்தச் சிலிண்டர் வழுக்குதோ எண்டு பாக்கப்போறன்.