பிள்ளையைத் தூக்கப் பயந்த காலம்

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தாய்:

மகள் பிறந்து நாற்பது நாள் கடந்தும் நான் அவளை ஒருமுறைகூடத் தனியே குளிப்பாட்டவில்லை. பிள்ளையை மாமியிடம் கொடுத்துவிட்டு அடுக்களையில் போய் நின்றுகொள்வேன். எனக்குப் பஞ்சி என்று மாமி நினைத்தார். உண்மையில், கிளுவந்தடி முறியுமட்டும் என்னை அடித்த தகப்பனாரின் கைதான் எனக்கும் வாய்த்திருக்கிறது என்று நான் நம்பினேன்.

பதின்ம வயதிலிருந்தே நித்திரைக் குறைவும் காரணம் புரியாத குற்றவுணர்வும் இருந்தன. அவற்றை அந்த அடிகளோடு நான் சேர்த்துப் பார்த்ததில்லை. பிள்ளை பிறந்த பிறகு இணையத்தில் ஓர் ஆய்வைப் படித்தேன். அமெரிக்காவின் சான் டியேகோவில் 9,508 பேரின் பதில்களை வைத்து 1998-இல் வெளியான அந்த ஆய்வு, சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைக் கண்டவர்களுக்கு மனச்சோர்வு, மதுப்பழக்கம், தற்கொலை முயற்சி போன்றவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகம் என்கிறது. விரல்விட்டு எண்ணினேன், ஐந்து வந்தது. அன்றிரவு பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் பயந்தேன்.

நிறை பார்க்க வந்த குடும்பநல உத்தியோகத்தர் என் முகத்தைக் கவனித்து உளவளத்துணையாளரிடம் அனுப்பினார். “அது உங்களுடைய சாதகம் இல்லை, தங்கச்சி. பலபேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. உங்களை அணைத்து வளர்த்த அம்மம்மாவைப் பற்றி அந்தக் கேள்வித்தாள் கேட்கவே இல்லையே” என்றார் அவர். குளிப்பாட்டக் குளிப்பாட்டத்தான் நம்பிக்கை வரும் என்பதும் அவர் சொன்னதே. முதல் கிழமை மாமி பிடிக்க நான் தண்ணீர் வார்த்தேன். மூன்றாம் கிழமை மாமி கதவடியில் நின்றார். பிறகு அவர் தன்பாட்டில் சந்தைக்குப் போகத் தொடங்கினார். வைத்தியர் தந்த மாத்திரைகளையும் எட்டு மாதம் எடுத்தேன் (இதை மறைப்பவர்கள் நம்மிடையே அதிகம்).

இப்போது அவளுக்கு ஆறு வயது. அதட்ட வேண்டிய இடத்தில்கூட என்னால் அதட்ட முடிவதில்லை. சாதாரணக் கோபம் எங்கே முடிந்து தகப்பனாருடைய கோபம் எங்கே தொடங்குகிறது என்பதை நான் எந்த வீட்டிலும் பார்த்துப் பழகவில்லை.

சாம்பல்தீவிலிருந்து ஒரு தந்தை:

அக்கா, நீங்கள் அடுக்களைக்குப் போனீர்கள். நான் கட்டாருக்குப் போனேன். தூரத்தில் இருந்தால் என்னால் பிள்ளைகளுக்குத் தீங்கு வராது என்று எண்ணி ஆறு வருடம் பணம் மட்டும் அனுப்பினேன். 1990 போர்க்கால இடப்பெயர்வுக்குப் பிறகுதான் அப்பா குடிக்கவும் அடிக்கவும் தொடங்கினார். இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வொன்று, போர் அனுபவங்களும் தகப்பனின் குடியும் வீட்டு வன்முறையோடு தொடர்புபட்டிருந்ததைக் காட்டியது. அதை வாசித்த பிறகு அப்பாவை ஓரளவு விளங்கிக்கொண்டேன். மன்னித்தேனா என்பது வேறு கதை. நான் ஊர் திரும்பியபோது சின்னவன் என்னை “மாமா” என்று கூப்பிட்டான்.

உவர்மலைத் தாய்:

தம்பி, உங்கள் கடைசி வரியை இரண்டுமுறை வாசித்தேன். நேற்று அநுராதபுரச் சந்தியில் மகள் என் கையை உதறிவிட்டு வீதிக்கு ஓடினாள். என்னை அறியாமலே கத்திவிட்டேன், அவள் அழுதாள். வீட்டுக்கு வந்து பத்து நிமிடத்தில் சீப்பை எடுத்துவந்து, தலை பின்னச் சொல்லி என் மடியில் உட்கார்ந்தாள். நான் அப்பாவின் மடிக்கு ஒருநாளும் போனதில்லை.