கையெழுத்துக்காகக் காத்திருந்த டிசம்பர்: கூட்டத்துக்கு வராத செயற்குழு உறுப்பினரை எப்படிச் சமாளித்தீர்கள்?

வேளச்சேரி, முன்னாள் செயலாளர்:

எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். 2023 ஜூனில் குடியிருப்போர் சங்கத்துக்குப் புதிய செயற்குழு வந்தபோது நான் செயலாளர். பொருளாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கணக்கில் புலி. பொதுக்குழுவில் எல்லோரும் கைதட்டித்தான் தேர்ந்தெடுத்தோம். முதல் இரண்டு கூட்டத்துக்கு வந்தார். அப்புறம் தொடர்ந்து நான்கு கூட்டம் ஆளையே காணோம். கேட்டால், "புனேல பொண்ணு வீட்ல இருக்கேன், அடுத்த மாசம் வந்துடுவேன்" என்பார்.

கூட்டத்துக்கு வராததையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஏழு பேர் குழுவில் நான்கு பேர் வந்தால் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) ஆகிவிடும். மாட்டிக்கொண்டது செக்கில்தான். எங்கள் வங்கிக் கணக்கில் பொருளாளர் கையெழுத்து கட்டாயம், கூடவே தலைவரோ செயலாளரோ போடவேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது பத்துப் பன்னிரண்டு பிளாங்க் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். நானும் வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்தேன். யாரும் அதைச் செய்யாதீர்கள். எந்தச் செலவு என்று பொருளாளர் பார்க்காமலே பணம் போகிறது என்றால், இரண்டு கையெழுத்து எதற்கு? நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் பதில் சொல்லவேண்டியவரும் அவர்தான்.

டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். தரையடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது, இரண்டு மோட்டாரும் மூழ்கின, லிப்ட் குழியில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் கரண்ட் இல்லை. வடிந்த பிறகு சம்ப் கழுவ ஆள், மோட்டாருக்குக் காயில் கட்ட, லாரித் தண்ணீர் என்று தொட்டதெல்லாம் காசு. கையெழுத்துப் போட்ட செக் நவம்பரிலேயே தீர்ந்திருந்தது. கணக்கில் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்தும் ஒரு ரூபாய் எடுக்க முடியவில்லை. ஆளுக்கு ஐயாயிரம் பத்தாயிரம் என்று கைக்காசைப் போட்டோம். மூன்றாவது மாடியில் டயாலிசிஸ் போகிற ஒரு அம்மா. லிப்ட் ஓடாத அந்த ஒன்பது நாளும் அவரை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கி இறக்கினோம். ஒவ்வொரு படியிலும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். அது இன்னும் என் மனதில் இருக்கிறது.

வாட்ஸ்அப் குரூப் கொதித்தது. நானும் கோபமாக ஒன்று எழுதிவிட்டேன், அனுப்பவில்லை. தலைவர் அக்காதான் தடுத்தார்: "குரூப்ல வேண்டாம் தம்பி. நாம ரெண்டு பேரும் போன் பண்ணிப் பேசுவோம்."

பேசினோம். மருமகனுக்குக் கப்பலில் வேலை, மகளுக்கு இரவுப் பணி, இரண்டு பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது இவரும் மனைவியும்தான். "எல்லாரும் கைதட்டி உக்கார வெச்சீங்க. முடியலன்னு சொல்ல எனக்கு வாய் வரல தம்பி" என்றார். அன்றைக்கே ராஜினாமா கடிதம் அனுப்பினார். ஆறு மாதமாக நாங்களும் "எப்போ வர்றீங்க" என்று மட்டும்தான் கேட்டிருக்கிறோம், "உங்களால முடியுதா" என்று ஒருநாளும் கேட்கவில்லை.

கடிதம் வந்தபிறகும் வேலை உடனே முடியவில்லை. செயற்குழுத் தீர்மானம், புதிய பொருளாளரின் ஆதார், பான் எல்லாம் கொடுத்து வங்கியில் கையெழுத்து மாற 12 நாள் ஆயிற்று. குழு மாறியதை மாவட்டப் பதிவாளருக்கும் தெரிவிக்கவேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். அடுத்த பொதுக்குழுவில் சங்கத்தின் விதிகளான பைலாவைத் திருத்தினோம்: தகவல் சொல்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் பதவி காலி, செக்கில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரில் எந்த இருவரும் கையெழுத்துப் போடலாம். பைலா திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், பதிவும் செய்யவேண்டும். கூட்டக் குறிப்பான மினிட்ஸில் எழுதிவைத்தால் மட்டும் போதாது.

கோவை, குழு உறுப்பினர்:

உங்கள் பொருளாளர் நல்ல மனிதர், அதனால் ஒரு போனில் முடிந்தது. எங்கள் ஆள் எங்கேயும் போகவில்லை, அதே பிளாக்கில்தான் இருக்கிறார். தலைவர் தேர்தலில் தோற்றதிலிருந்து கூட்டத்துக்கு வருவதில்லை, துணைத்தலைவர் பதவியையும் விடுவதில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசினோம். காபி கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை.

கடைசியில் பொதுக்குழுவைக் கூட்டினோம். "எனக்கு எந்தக் கூட்டத்துக்கும் அழைப்பே வரலியே" என்றார் அங்கே. நாங்கள் அனுப்பியதெல்லாம் வாட்ஸ்அப்பில். அவர் எப்போதோ குரூப்பை விட்டு வெளியேறியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை. மினிட்ஸிலும் வந்தவர் பெயர்தான் இருந்தது, வராதவர் பெயர் இல்லை. அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாமல் கலைந்தோம். அதன்பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் அச்சடித்த அழைப்பு, வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்து, வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். வராதவர் பெயரையும் எழுதினோம். எட்டு மாதம் கழித்து நடந்த பொதுக்குழுவில் 40 வீட்டில் 31 பேர் அவரை நீக்க வாக்களித்தார்கள். எதிர்வீட்டுக்காரரான அவரோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் வேறு வழி தெரியவில்லை.

தாம்பரம், புதிய செயலாளர்:

எங்கள் இணைச்செயலாளர் துபாயில் இருக்கிறார், வீடியோவில் கலந்துகொள்கிறேன் என்கிறார். சரிவருமா?

வேளச்சேரி, முன்னாள் செயலாளர்:

ஆர்வம் இருக்கிறவரை விட்டுவிடாதீர்கள். கோரத்தில் அவரைச் சேர்க்கலாமா என்பதை மட்டும் பைலாவில் பார்த்துவிடுங்கள். அதற்கு இடமில்லையென்றால் நேரில் வருகிறவர்களை வைத்தே கோரம் காட்டுங்கள், அவர் சொல்லும் கருத்தை மினிட்ஸில் எழுதுங்கள். செக்கில் கையெழுத்துப் போடுகிற பொறுப்பு மட்டும் அவருக்கு வேண்டாம். கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வையுங்கள், அங்கே அவருக்கு ஆறரைதான் ஆகியிருக்கும்.