‘பெரிய வீடு, கோவில்பட்டி’ குழு: நந்தினிக்கு லேப்டாப்

சனிக்கிழமை, மாலை 5:42

மாணிக்கம்: (படம்: குத்துவிளக்கு, மயில், ‘இனிய மாலை வணக்கம்’)

கணேசன்: கடையில நிக்கேன். மூணு காட்டுறாரு. சீக்கிரம் சொல்லுங்க

கணேசன்: பெருசு 82000
சின்னது 68000
டாஸ் 59500

கார்த்தி: மாமா, அட்டைப்பெட்டியில மாடல் நம்பர் இருக்கும். போட்டோ எடுத்து அனுப்புங்க

கணேசன்: எடுத்தேன். சேவ் ஆக மாட்டேங்கு. இடம் இல்லைங்குது

மீனா: 128 ஜிபி போன் அது. பாதி இவங்க எடுத்த தேர் வீடியோ. மீதி காலை வணக்கம், மாலை வணக்கம்

மாணிக்கம்: 🙏

செல்வி: டாஸ்னா பழசா கணேசா? செகண்ட் ஹேண்ட் வேண்டாம்

நந்தினி: அப்பா, சின்னது போதும்

சுந்தர்: எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. மெட்ரோவுல இருக்கேன். டைப் பண்ணுதேன்

கணேசன்: பெருசுக்கு பேக் ஃப்ரீயாம்

செல்வி: பேக் நல்லா இருக்கா?

சுந்தர்: அண்ணே, முதல்ல அந்த டாஸ். பழசு இல்ல, புதுசுதான். விண்டோஸுக்குப் பதிலா உள்ள போடுறது, ஃப்ரீடாஸ்னு பேரு. 1994ல ஜிம் ஹால்னு ஒரு அமெரிக்க மாணவர் ஆரம்பிச்சது, இலவசம். விண்டோஸ் லைசென்ஸ் காசு இல்லாம லேப்டாப்பை விக்கணும்னா கம்பெனிக்காரன் இதைப் போட்டு அனுப்புவான். ஆன் பண்ணா கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து. அவ்வளவுதான். விலை குறையுறது அதனாலதான், இரக்கப்பட்டு இல்ல. விண்டோஸ் நாம தனியா காசு குடுத்து வாங்கணும். ஆபீஸும் தனி. ‘நானே போட்டுத் தாரேன்’னு கடைக்காரர் சொல்லுவாரு. அது பெரும்பாலும் திருட்டுக் காப்பி.

கணேசன்: ஆமா, அப்படித்தான் சொல்லுதாரு

கணேசன்: ஃப்ரீயாத்தான் போட்டுத் தருவாராம்

கார்த்தி: அதான் மாமா பிரச்சினை

மாணிக்கம்: ஆப்பிள் வாங்கிக் குடுத்துரு கணேசா. ஒரே செலவு. படிப்பு முடியுற வரைக்கும் பேச்சு இருக்காது

மீனா: பணம் அத்தான் தாரீங்களா

கார்த்தி: சிவில் இன்ஜினியரிங்குக்கு ஆப்பிள் சரி வராது பெரிய மாமா. ஆட்டோகேட் மேக்ல உண்டு. கட்டட மாடல் போடுற ரெவிட் கிடையாது, கட்டடம் தாங்குமான்னு கணக்குப் போடுற ஸ்டாட் ப்ரோவும் கிடையாது. ரெவிட்டுக்கே 30 ஜிபி இடம் வேணும், ரேம் 16. ஸ்டூடண்ட்னா ஆட்டோடெஸ்க் ஃப்ரீயாத் தாரான், வருசா வருசம் புதுப்பிச்சுக்கணும்

சுந்தர்: ஆனா கனம் கம்மியா லேப்டாப் கேக்கற வழக்கத்தைப் பரப்பினதே அவங்கதான். 2008 ஜனவரியில ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு தபால் உறைக்குள்ள இருந்து லேப்டாப்பை உருவிக் காட்டினாரு. 1.36 கிலோ. உள்ள 80 ஜிபிதான், சிடி டிரைவும் கிடையாது. சிடி இல்லாம எப்படின்னு அன்னைக்கு அத்தனை பேரும் கேட்டாங்க. இன்னைக்கு நம்ம வீட்டுல யாராவது சிடி போடுதோமா?

செல்வி: ஆச்சி வீட்டுல மாட்டுக்கொட்டகை வாசல்ல தொங்குது. காக்கா வராதாம்

செல்வி: 2008லதான அண்ணன் கார்த்திக்கு அந்தக் குட்டி லேப்டாப் கொண்டாந்தாங்க துபாய்ல இருந்து

கார்த்தி: ஈ பிசி!! 7 இஞ்ச். ஒரு கிலோகூட கிடையாது. ஸ்கூல் பையில ஜியோமெட்ரி பாக்ஸ் பக்கத்துல வச்சிக்கிட்டுப் போவேன்

கார்த்தி: உள்ள மொத்தமே 4 ஜிபி. அதுல விண்டோஸுக்குப் பதிலா இருந்த லினக்ஸும் அவன் போட்டு அனுப்புன சாமானும் போக ஒண்ணரை ஜிபிகூட மிஞ்சாது. ரெண்டு படம் ஏத்துனா ஒண்ணை அழிக்கணும்

மீனா: ஞாபகம் இருக்கு. எங்களுக்கு கோடாலித் தைலம். ரெண்டு பாட்டில்

மாணிக்கம்: மீனா, நந்தினி அப்ப கைக்குழந்தை. கைக்குழந்தைக்கு லேப்டாப் எதுக்கு?

மீனா: தைலம் எதுக்கு அத்தான் கைக்குழந்தைக்கு?

கார்த்தி: 😂

செல்வி: கார்த்தி, சும்மா இரு

மீனா: சர்க்கார் லேப்டாப்பும் கார்த்திக்குத்தான் கிடைச்சுது. அவன் ராசி அப்படி

கார்த்தி: அத்தை, அது அரசு, அரசு உதவி பெறும் ஸ்கூல்ல பிளஸ் டூ படிச்ச எல்லாருக்கும் குடுத்தது. 2011ல ஆரம்பிச்ச திட்டம். ஒரு பக்கம் விண்டோஸ், ஒரு பக்கம் மத்திய அரசு கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் சி-டாக்காரங்க செஞ்ச பாஸ் லினக்ஸ். ஆன் பண்ணா முதலமைச்சர் படம் வரும். எங்க செட்ல ஒருத்தன்கூட பாஸ் பக்கம் போனதில்ல, நான் மட்டும் போனேன். ப்ரோக்ராமிங் லேப்ல அதான் கைகொடுத்துச்சு

நந்தினி: யாராவது என்னைக் கேட்டீங்களா

கணேசன்: கடைக்காரர் ஆன் பண்ணிக் காட்டுதாரு. அட்டையில 512. உள்ள 476தான் காட்டுது. ஏமாத்துறானா?

மாணிக்கம்: வேற கடை பாரு

சுந்தர்: இல்லண்ணே, ஏமாத்து இல்ல. நல்லாக் கவனிங்க. தயாரிக்கிறவன் ஆயிரம் ஆயிரமாப் பெருக்குதான். அவனுக்கு ஒரு ஜிபின்னா 100 கோடி பைட். விண்டோஸ் 1024, 1024ஆப் பெருக்கும். அதுக்கு ஒரு ஜிபின்னா 107 கோடிக்கு மேல. அதனால அவனோட 512, விண்டோஸ் கணக்குல 476. பொருள் அதேதான், அளக்குற கோல்தான் வேற. அதுக்கு மேல விண்டோஸ், ரிக்கவரிப் பகுதி, அப்டேட்டுக்குன்னு ஒதுக்கி வைக்கிறது எல்லாம் போனா கைக்கு 420 வாக்குல வரும்.

செல்வி: நம்ம தோப்பு மாதிரி. பத்திரத்துல 62 சென்ட், அளந்தா 58

மீனா: அளந்தது யாரு மதினி

செல்வி: நான் சொல்லலப்பா

மாணிக்கம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுந்தர்: அக்கா, லேப்டாப் பத்திப் பேசுவோம்

மாணிக்கம்: பேசுங்க பேசுங்க. சர்வேயரை நான் கூட்டிட்டு வரல, அதை மட்டும் எழுதி வச்சுக்கோங்க

மாலை 6:10

கணேசன்: என்னல முடிவு. கடைக்காரர் டீ வாங்கிக் குடுத்துட்டாரு

நந்தினி: அப்பா, ஹாஸ்டல் மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கிளாஸ் வேற பிளாக். அத்தான் சொல்ற சாஃப்ட்வேர் எல்லாம் லேப்லயே இருக்குன்னு சீனியர் சொன்னாங்க. எனக்குத் தூக்குறதுக்கு லேசா இருந்தாப் போதும்

செல்வி: ஏட்டி, ரெண்டு கிலோ தூக்க முடியாதா? நாங்க குடத்தைத் தூக்கிட்டு ஊரணிக்குப் போனவங்க

நந்தினி: குடத்துக்கு சார்ஜர் கிடையாது அத்தை

கார்த்தி: மாமா, எடை என்ன போட்டிருக்கு?

கணேசன்: போடல. இருங்க

கணேசன்: பக்கத்து கடலைமிட்டாய்க் கடைத் தராசுல வச்சுப் பாத்தோம். பெருசு சார்ஜரோட 2 கிலோ 850. சின்னது சார்ஜரோட 1 கிலோ 700

மீனா: அதைப் போய் தராசுல வச்சீங்களா

செல்வி: அப்படியே ரெண்டு கிலோ மிட்டாய் வாங்கிக்கோ. ஞாயித்துக்கிழமை இவங்க அக்கா வாராங்க

கணேசன்: கடைக்காரரும் கூடத்தான் வந்தாரு. அவருக்கே இப்பதான் எடை தெரியுது

சுந்தர்: சரி, இதைப் படிங்க, அப்புறம் யாரும் கேக்க வேண்டாம். மூணு விசயம் இருக்கு. எடை, இடம், உள்ள வர்ற சாஃப்ட்வேர். எடை இன்னைக்கு என்னவோ அதுதான் நாலு வருசமும். இடம்கிறது அப்படி இல்ல, உள்ள இன்னொரு எஸ்எஸ்டி, அதான் சேமிப்பு டிஸ்க், மாட்ட இடம் விட்டிருந்தா ரெண்டு வருசம் கழிச்சுக்கூட மாட்டிக்கலாம், இருக்குறதைக் கழட்டிட்டுப் பெருசாவும் போடலாம். சாஃப்ட்வேர் அதைவிட லேசு. வேண்டாததை அழிச்சுரலாம். அதனால 1 டிபியா, ஆன்டிவைரஸ் ஃப்ரீயா, பேக் ஃப்ரீயான்னு பாக்காதீங்க. எடையும் ரேமும் பாருங்க. சின்ன லேப்டாப்ல பல நேரம் ரேமை போர்டுலயே ஒட்டி அனுப்புதான், அப்புறம் கூட்டவே முடியாது. சின்னது 16 ரேம்னா கண்ணை மூடிட்டு எடுங்க. 8ன்னா தொடாதீங்க.

கணேசன்: 16

கார்த்தி: எனக்குப் பெருசுதான் சரின்னு படுது. ரெவிட்ல பெரிய மாடல் திறந்தா கிராஃபிக்ஸ் கார்டு இருக்குறதும் இல்லாததும் தெரியும். 14 இஞ்ச்ல டிராயிங் பாத்தா கண்ணு போயிரும்

சுந்தர்: முதல் வருசத்துல ரெவிட் திறக்கப் போறதில்லையேப்பா. இயற்பியல், கணக்குதான். ஹாஸ்டல்ல பழைய மானிட்டர் ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாம்

கார்த்தி: மூணாவது வருசம்?

சுந்தர்: மூணாவது வருசம் பேசுவோம்

மாணிக்கம்: ரேம் விலை ஏறப்போகுதுன்னு கடைக்காரன் சொல்லுவானே? எல்லாக் கடையிலயும் இதே பாட்டு

கார்த்தி: அது மட்டும் நிஜம் பெரிய மாமா. 2025 கடைசியில இருந்தே ஏறுது. ஏஐ டேட்டா சென்டர்க்காரங்க மெமரியை வாரிக்கிட்டுப் போறாங்க

கணேசன்: ஆன்டிவைரஸ் ஒரு வருசம் ஃப்ரீன்னு எழுதியிருக்கு

சுந்தர்: ஒரு வருசம் கழிச்சு ‘ஆபத்து ஆபத்து’ன்னு தினமும் கதவைத் தட்டும், அதுக்குத்தான் ஃப்ரீ. விண்டோஸ்லயே டிஃபெண்டர் இருக்கு, அது போதும். உருப்படியானது அந்த ஆபீஸ் மட்டும்தான். வாழ்நாள் லைசென்ஸா, ஒரு வருசச் சந்தாவான்னு கேளுங்க. ரெண்டுக்கும் ‘ஆபீஸ் உண்டு’ன்னுதான் அட்டையில போட்டிருப்பான்.

மாணிக்கம்: போன்லயும் இதே கதைதானே. சஞ்சார் சாத்தி ஆப்பை எல்லா போன்லயும் கட்டாயமாப் போடணும்னு சர்க்கார் உத்தரவு. (பல முறை பகிரப்பட்டது)

சுந்தர்: அண்ணே, அது 2025 டிசம்பர் 3ஆம் தேதியே வாபஸ் ஆயிருச்சு

மாணிக்கம்: வாபஸ் வாங்குனாலும் எண்ணம் இருந்துச்சுல்லா

செல்வி: திருட்டுப் போன போனைக் கண்டுபிடிக்கிற ஆப்தானே அது? இவங்க சித்தப்பா மகன் போன் அதுலதான் கிடைச்சுது

மாணிக்கம்: நல்ல ஆப்புன்னா நாங்களே போட்டுக்கிடுதோம். வாங்கும்போதே உள்ள உக்காந்திருக்கக் கூடாது

மீனா: அரசியல் வேண்டாம்னு குழுவில எழுதியிருக்கு

மாணிக்கம்: இது அரசியல் இல்ல, சொந்த அனுபவம். என் போன்ல நான் கேக்காத ஷாப்பிங் ஆப், கேம், நியூஸ். அழிக்கப் போனா ‘முடக்கு’ன்னுதான் வருது. என் காசு, என் போன்

மீனா: இவங்க போன்ல முடக்க வேண்டியது வேற

கணேசன்: மெயில் ஐடி கேக்கான் கடைப்பையன். என்னோடதைச் சொல்லவா?

நந்தினி: அப்பா வேண்டாம்!!!

சுந்தர்: அண்ணே நிறுத்துங்க. எந்த மெயில்ல முதல்ல ஏத்துதோமோ அதோட ஆபீஸ் ஒட்டிக்கிடும். அது மட்டும் இல்ல, இப்ப வர்ற விண்டோஸ் 11ல மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ள போனதும் பெரும்பாலும் டிஸ்க்கைத் தானாப் பூட்டிரும். அந்தப் பூட்டோட ரிக்கவரி கீ அதே கணக்குலதான் போய் உக்காரும். என்னைக்காவது கீ கேட்டா அந்த மெயிலும் பாஸ்வேர்டும் வேணும். கடைப்பையன் ஐடி கண்டிப்பா கூடாது. உங்க ஐடியும் கூடாது, உங்களுக்கு பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது. நந்தினி ஐடிதான். அதுவும் வீட்டுக்கு வந்து அவளே போடட்டும், காலேஜ் குடுக்கிற மெயிலும் வேண்டாம், நாலு வருசத்துல மூடிருவாங்க.

கார்த்தி: எங்க சைட்ல ஒருத்தனுக்கு கடைக்காரங்களே அவங்க ஐடியில ஏத்திக் குடுத்துட்டாங்க. இன்னும் கெஞ்சிட்டு இருக்கான்

நந்தினி: ஒன்டிரைவும் நானே பாத்துக்கிடுதேன். அது டெஸ்க்டாப்பை எல்லாம் மேல ஏத்திட்டு 5 ஜிபி ஆனதும் காசு கேக்கும்னு ஃபிரண்ட் சொன்னா

சுந்தர்: சபாஷ்

கணேசன்: சொல்லிட்டேன்

சுந்தர்: எதை??

கணேசன்: மெயிலை. பில்லுக்குத்தானாம்

மீனா: யார் மெயில்

மாலை 6:48

கார்த்தி: மாமா?

கணேசன்: ஜிமெயில். எது ஞாபகம் வந்துச்சோ அதைச் சொன்னேன்

மீனா: ஆச்சி கேக்காங்க, என்ன கலர்னு

கணேசன்: சாம்பல்

மீனா: சாம்பல் வேண்டாமாம்

கணேசன்: அட்வான்ஸ் 5000 குடுத்தாச்சு

நந்தினி: எதுக்குப்பா??

கணேசன்: சின்னதுக்கு. இருக்குறது டிஸ்ப்ளே பீஸ் ஒண்ணுதான். புதுசு திருநெல்வேலில இருந்து செவ்வாய்க்கிழமை வருமாம். வரலைன்னா மத்ததை எடுத்துக்கிடலாம்னு பேச்சு

கார்த்தி: மத்தது எது மாமா? பெருசா டாஸா?

செல்வி: செவ்வாய்க்கிழமை புதுச் சாமான் எடுக்காதீங்க

நந்தினி: புதன்கிழமை காலையில ஹாஸ்டல் போணும் அத்தை

செல்வி: அப்ப செவ்வாய் ராகுகாலம் போனதுக்கு அப்புறம். மூணுல இருந்து நாலரை. கணேசா, மிட்டாய் வாங்குனியா?

மாணிக்கம்: நந்தினிக்கு பேக் நான் வாங்கித் தாரேன். நல்ல பேக்

மீனா: சரி அத்தான்

சுந்தர்: அண்ணே, டிஸ்ப்ளே பீஸை மட்டும் தலையில கட்ட விட்டுராதீங்க. வாரண்டி எந்தத் தேதியில இருந்து ஓடுதுன்னு பாக்கணும், பேட்டரி எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்குன்னு விண்டோஸ்லயே ஒரு ரிப்போர்ட் எடுக்கலாம், எப்படின்னு சொல்லுதேன்

சுந்தர்: (குரல் செய்தி 7:42)

செல்வி: யாராவது கேட்டுட்டு ரெண்டு வரியில சொல்லுங்க