சூப்பான் கொடுத்தவர்கள் வாருங்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

மழலைத்தாய்:
பாசிஃபையர், அதாவது சூப்பான் வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு கட்சி. பல் கெடும், தாய்ப்பால் குடிக்க மறந்துவிடும் என்கிறார் அம்மா. பிள்ளையை ஏன் அழவிடுகிறாய் என்கிறார் கணவர். வயிறு நிறைய குடித்த பிறகும் சின்னவள் என் தோளைத் தேடிச் சப்பிக்கொண்டே இருக்கிறாள். அறிவுரையை விட, உங்கள் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

இளந்தளிர்:
எங்களுக்கு அதை முதலில் கொடுத்ததே ஆஸ்பத்திரிதான். மகன் ரொம்பக் குறைமாதம். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யும் பக்குவம் கர்ப்பக் கணக்கில் 34 வாரம் வாக்கில்தான் வரும் என்றார்கள். அதுவரை குழாய் வழியாகத்தான் பால். பால் இறங்கும் நேரம் பார்த்து நர்ஸ் ஒரு குட்டிச் சூப்பானை வாயில் வைப்பார். சப்பினால் வயிறு நிறையும் என்று உடம்பு பழகிக்கொள்ளத்தான். குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது நாக்கில் சில சொட்டு சர்க்கரைக் கரைசலும் விடுவார்கள், அழுகை சட்டென்று அடங்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் இனிப்பில் தொட்டு வைக்காதீர்கள், பல் முளைத்ததும் சொத்தையாகும். தேன் கூடவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரும் ஆபத்து உண்டு.

சோம்பேறி அம்மாக்களின் கருவி என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

பால்நிலா:
இளந்தளிர், உங்கள் கதை வேறு. நிறைமாதப் பிள்ளைக்கு, தாய்ப்பால் நன்றாகப் பிடிபடும் வரை தள்ளிப்போடுங்கள் என்பேன். என் தங்கை மகளுக்கு எடை ஏறவே இல்லை. போய்ப் பார்த்தால், பார்த்துக்கொள்ள வந்த அம்மா ஒவ்வொரு சிணுங்கலுக்கும் சூப்பானை வைத்திருக்கிறார். பசித்தால் குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோகும், தலையைத் திருப்பித் தேடும், அப்புறம்தான் அழும். முதல் இரண்டு ஜாடையையும் சூப்பான் விழுங்கிவிட்டால் பசி எப்படித் தெரியும்?

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தாய்ப்பால் ஊட்டலுக்காக 1989இல் சொன்ன பத்துப் படிகளில் ஒன்பதாவது, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் சூப்பான் கொடுக்காதே என்பதுதான். 2018இல் அதைத் திருத்தி, புட்டி, சூப்பான் இவற்றின் பயன்பாட்டையும் ஆபத்தையும் தாய்க்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று மாற்றினார்கள். எனக்கு இந்த இரண்டாவது வாசகம்தான் நியாயமாகப் படுகிறது.

இரவுக்காவலன்:
அப்பா கட்சியிலிருந்து நான் ஒருத்தன். எங்க வீட்ல தூங்குறதுக்கு மட்டும்தான் குடுத்தோம். தூக்கத்துலயே திடீர்னு குழந்தை இறந்துபோற ஆபத்து குறையுதுன்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே தூங்க வைக்கும்போது குடுக்கச் சொல்லுது. தூங்கினதும் வாயிலேர்ந்து விழுந்துட்டா மறுபடி வைக்க வேண்டியதில்ல. இது தெரியாத வரைக்கும் ராத்திரி முழுக்க கட்டிலுக்கடியில டார்ச் அடிச்சுத் தேடுற வேலை எனக்குத்தான்!

கயிறு, கிளிப் எதுவும் தூங்கும்போது வேண்டாம், கழுத்துல சுத்திக்கும். காம்பை நல்லா இழுத்துப் பாருங்க. ரப்பர்னா சீக்கிரம் பிசுபிசுத்து உப்பிப்போகும். சிலிக்கான் ரொம்ப நாள் உழைக்கும், ஆனா பல்லு வந்ததும் கடிச்சுத் துண்டாக்கிடுவாங்க. கீறல் தெரிஞ்சா யோசிக்காம தூக்கிப் போடுங்க. வாய்க்கு வெளிய நிக்கிற வட்டம் வாயை விட அகலமா, காத்து போற ஓட்டையோட இருக்கணும். விமானம் இறங்கும்போது காது அடைக்காம இருக்கவும் உதவுச்சு, சப்பி எச்சில் விழுங்கிட்டே இருந்தான்.

வெண்பல்:
அம்மா சொல்வதும் முழுப் பொய் இல்லை, மழலைத்தாய். மூன்று வயது தாண்டியும் என் அக்கா மகள் விடவில்லை. பின்பல் கடித்தாலும் முன்பல் மேலும் கீழும் சேராமல் சூப்பான் அளவுக்கே இடைவெளி. நிறுத்திய பிறகு அது தானாகவே மூடியது, கம்பி போடவில்லை. இன்னும் பல வருஷம் விட்டிருந்தால் அப்படி எளிதில் சரியாகாது என்றார் பல் மருத்துவர். ஆறு மாதத்துக்குப் பிறகு குறைத்தால் காது சீழ் வருவதும் குறையும் என்று எங்கள் குழந்தை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

கீழே விழுந்ததைத் தன் வாயில் வைத்துச் சப்பிவிட்டுக் கொடுப்பார் அவளுடைய தாத்தா. அதற்கு ஆதரவாக 2013இல் ஸ்வீடனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது, அப்படிச் செய்த பெற்றோரின் குழந்தைகளுக்கு ஒவ்வாமை குறைவாம். தாத்தாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்! பெரியவர்கள் எச்சிலில் சொத்தைக் கிருமியும் சேர்ந்தே போகும்.

மழலைத்தாய்:
எல்லோருக்கும் நன்றி. பால் குடிப்பது சீராகும் வரை பொறுத்து, பிறகு தூக்கத்துக்கு மட்டும் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். விட வைப்பது எப்படி?

வெண்பல்:
படுக்கையை விட்டுச் சூப்பான் இறங்கக் கூடாது என்று வையுங்கள். பகலில் கண்ணில் படாவிட்டால் பாதி வேலை முடிந்தது. உடம்பு சரியில்லாத வாரத்திலோ, வீடு மாறும் சமயத்திலோ தொடங்காதீர்கள். கசப்பு தடவுவது வேண்டவே வேண்டாம்.

இரவுக்காவலன்:
ஒண்ணு விட்டுட்டேன். புதுசை முதல்ல கொதிக்கிற தண்ணில போட்டு எடுக்கும்போது குமிழுக்குள்ள வெந்நீர் போய் நின்னுடும். நல்லா ஆறவிட்டு, பிழிஞ்சு பாத்துட்டு வாயில வைங்க.