கூழை ஆயா எங்கே விட்டார்? – ஆங்கில வினைச்சொற்களிடம் மாட்டிக்கொண்ட கதைகள்

டர்பன் வாசி:
தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்துக்குக் குடிவந்த முதல் ஆடி மாதம். பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எண்பது வயது. தேவாரம் பிசிறில்லாமல் பாடுவார். பேச்சு முழுக்க ஆங்கிலம். மாரியம்மன் பூசைக்குக் கூழ்ப்பானையைக் காரில் ஏற்றிக் கோயிலில் சேர்ப்பது என் பொறுப்பு. காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் சொன்னார்: "ஐ குக்ட் த பாரிட்ஜ் அண்ட் லெஃப்ட் இட்."

சரி, யாரோ வந்து கோயிலிலேயே இறக்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நான் வெறுங்கையோடு போய் நின்றேன். பானையோ ஆயா வீட்டு அடுப்படியில் வாழையிலை மூடி ஆறிக்கொண்டிருந்தது. பூசாரி என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். திரும்பி வந்தபோது ஆயா கேட்டதுதான் வலித்தது. "நான்தான் சொன்னேனே!"

ஆமாம், சொன்னார். "கூழ் காய்ச்சிவிட்டேன்" என்றுதான் சொன்னார். நம் துணைவினை 'விடு' அப்படியே 'லீவ்' ஆகியிருக்கிறது. பொது ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஓரிடத்தில் விட்டுவைப்பது, கிளம்பிப் போவது என்றெல்லாம் பொருள் உண்டு. ஒரு வேலை முழுதாக முடிந்தது என்ற பொருள் கிடையாது. 'ஸ்டே' என்பதும் இதே கதைதான். "ஷி வில் க்ரை அண்ட் ஸ்டே" என்றால் அழுதுவிட்டு அங்கேயே தங்குவாள் என்பதல்ல, அழுதுகொண்டே இருப்பாள் என்பது. கேப்டவுன் பல்கலைக்கழக மொழியியலாளர் ராஜேந்த் மெஸ்த்ரி இந்த இந்தியர் ஆங்கிலத்தை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். அவர் எழுத்தில் இந்த 'லீவ்' வருவதைக் கண்டபோதுதான், இது ஆயா ஒருவரின் பழக்கம் அல்ல என்று தெரிந்தது. சென்னையிலிருந்து இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் ட்ரூரோ டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16. ஆயாவின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது. 'விடு' மட்டும் இன்னும் போகவில்லை.

ஜோபர்க் அம்மா:
ஜோகன்னஸ்பர்க்கில் எங்கள் வீட்டில் குழப்பம் வேறு திசையிலிருந்து வந்தது. பள்ளியிலிருந்து திரும்பிய மகள், "ஹி த்ரூ மீ வித் அ ஸ்டோன்" என்று விசும்பினாள். கல்லோடு சேர்த்து இவளையே தூக்கி வீசிவிட்டானா என்று பதறிப்போய்க் கை, கால், முதுகு எல்லாம் தடவிப் பார்த்தேன். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். டச்சு மொழியிலிருந்து இங்கே உருவான ஆஃப்ரிகான்ஸில் வாக்கியத்தை அப்படித்தான் அமைப்பார்கள். அந்த 'வித்' நம் 'கல்லோடு' அல்ல, 'கல்லால்'.

அதே வாரம் அவள் தோழி வந்து "பாரோ மீ யுவர் பென்" என்றாள். இரவல் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஆஃப்ரிகான்ஸில் ஒரே வினை, அதனால் வந்த வினை. நமக்கு வாங்குவது வேறு, கொடுப்பது வேறு. மகளுக்கு 'லென்ட்' என்பதைத் திருத்திச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் வகுப்பில் அவள் ஒருத்திதான் அப்படிப் பேசினாளாம். சிரித்திருக்கிறார்கள்.

புதிதாய் வந்தவன்:
வேலையில் சேர்ந்த முதல் நாள் மேலாளர் "வேர் டு யூ ஸ்டே?" என்று கேட்டார். "இரண்டு வாரத்துக்கு விடுதியில்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது, இரண்டு வாரத்தில் ஓடிவிடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார். குடியிருப்பதற்கு இங்கே 'லிவ்' என்று யாரும் கேட்பதாகவே தெரியவில்லை. டர்பன் வாசி சொல்லும் 'ஸ்டே'யும் இதுவும் ஒன்றா?

டர்பன் வாசி:
இல்லை. நீங்கள் கேட்டது இந்த நாட்டில் எல்லோரும் பேசுவது. ஆயாவுடையது நம் 'கொண்டிரு'. இரண்டும் ஒரே வாயில் வரும்போதுதான் தலை சுற்றும்.

இந்த ஆடிக்கும் ஆயா கூப்பிட்டார். "குக்ட் அண்ட் லெஃப்ட் இட்" என்றார். ஒரு நொடி நிறுத்தி, என் மரமண்டையை நினைத்திருப்பார் போல, தமிழில் தொடர்ந்தார்: "பானை வீட்டுல."