தொற்று எண்ணிக்கையை எப்படிப் படிப்பது? டெங்கியும் கொவிட்டும் காட்டிக்கொடுத்தவை

ஆய்வுக்கூடப் பணியாளர்:
சிங்கப்பூரில் செய்தியில் வருவது டெங்கி பிடித்தவர்களின் கணக்கு அல்ல, சோதனையில் உறுதியானவர்களின் கணக்கு. கொசு கடித்து 4 முதல் 10 நாள் கழித்தே காய்ச்சல் வரும். அதற்கப்புறமும் பனடோல் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பலர் கிளினிக் போகிறார்கள். ஆக, இந்த வார எண் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முந்தைய நிலவரம்.
எந்த நாள் ரத்தம் எடுத்தார்கள் என்பதும் முக்கியம். ரத்தத்தில் டெங்கி வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை காய்ச்சலின் முதல் ஐந்து நாளில்தான் நன்றாகப் பிடிக்கும். ஆறாம் நாள் வந்தவருக்கு ஐஜிஎம் (தொற்றுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப்பொருள்) பார்க்காமல் என்எஸ்1 மட்டும் பார்த்து 'இல்லை' என்று அனுப்பிவிட்டால் அவர் கணக்கிலேயே வரமாட்டார். அறிகுறியே இல்லாதவர்களைக் கேட்கவே வேண்டாம், பெரும்பான்மை அவர்கள்தான்.

தாதி:
அக்கா சொன்னதோடு இன்னொன்று. பண்டிகை விடுமுறையில் கிளினிக் மூடியிருக்கும், எண் இறங்கும். அடுத்த வாரம் துள்ளி ஏறும். இரண்டையும் நம்பாதீர்கள், நான்கு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

தரவு ஆய்வாளர்:
வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளின் கொவிட் கணக்கை மறக்கக்கூடாது. 2020 ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் 1,426 பேர் என்றதும் ஊரே அதிர்ந்தது. டிசம்பரில் சுகாதார அமைச்சு வெளியிட்ட கணக்குப்படி, விடுதி ஊழியர்களில் பிசிஆர் (வைரஸையே தேடும் சோதனை) உறுதிசெய்தது 54,505 பேரை. ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் பார்த்தபோது, முன்பே தொற்றிப் போன மேலும் 98,289 பேர் தெரிந்தார்கள். தொற்றிய மூவரில் ஏறக்குறைய ஒருவர்தான் தினசரி எண்ணில் இருந்தார். யாரும் மறைத்ததால் அல்ல. அறிகுறி இல்லாதவர் சோதனைக்கு வரவில்லை, அவ்வளவுதான். நம் ஊர்த் தம்பிகள் எத்தனையோ பேர் அந்த எண்ணுக்கு வெளியே இருந்தார்கள் என்பது மனத்தை உறுத்துகிறது.
2023 டிசம்பரில் சிங்கப்பூரின் கொவிட் வார எண் 32,035இலிருந்து 56,043 ஆனது. அது மதிப்பீடு, எண்ணி எடுத்ததல்ல. அதே வாரம் மருத்துவமனையில் இருந்தோர் சராசரி 225இலிருந்து 350. படுக்கைக் கணக்கு தாமதமாக வரும், ஆனால் சோதனை குறைந்தால் அதோடு சேர்ந்து குறையாது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தாதி:
டெங்கிக் குழும வரைபடத்திலும் கவனம் தேவை. 150 மீட்டருக்குள், 14 நாளுக்குள் இரண்டு பேருக்கு வந்தால் குழுமம். வீடு, வேலையிட முகவரிகளையும் போய்வந்த இடங்களையும் வைத்துத்தான் இடத்தைக் கணிக்கிறார்கள். தேக்காவில் கடிபட்டவர் தீவின் வடக்கே ஈசூனில் வசித்தால் புள்ளி ஈசூனில் விழலாம். உங்கள் புளோக் வரைபடத்தில் இல்லையென்றாலும் பூச்சட்டித் தட்டைக் கவிழ்த்து வையுங்கள்.